வயலில் தங்கும் பிளாஸ்டிக் தாள்

விவசாயப் பெருமக்கள் பலர் தர்ப்பூசணி, தக்காளி, மிளகாய்ப் பாத்திகளில் பிளாஸ்டிக் மூடாக்கு விரிக்கிறார்கள். களை அடங்குகிறது, தண்ணீர் மிச்சமாகிறது. இதில் ஐயமில்லை. அறுவடைக்குப் பின் அந்தத் தாள் என்ன ஆகிறது என்பதே கேள்வி.

சீனாவின் அனுபவத்தைப் பாருங்கள். 1970-களின் இறுதியில் ஜப்பானிலிருந்து இம்முறை அங்கு சென்றது. வறண்ட சிஞ்சியாங் பகுதியில் பருத்திக்கு இது பெரிதும் கைகொடுத்தது. 'வெண்மைப் புரட்சி' என்றே பெயரிட்டார்கள். விலை குறைய வேண்டும் என்பதற்காக 0.008 மில்லிமீட்டர் கனத்திலும், அதைவிட மெலிதாகவும் தாள் தயாரித்தார்கள். அவ்வளவு மெல்லிய தாள் வெயிலில் நைந்துபோகும். சுருட்டினால் கையோடு கிழியும். மிச்சம் உழவில் மண்ணோடு கலந்துவிடும். ஆண்டுதோறும் சேர்ந்த துண்டுகள் நீர் கீழிறங்குவதைத் தடுத்தன. வேர் ஓட்டத்தை மறித்தன. துண்டுகள் மிகுந்த நிலங்களில் மகசூல் குறைந்தது. பெயரும் 'வெண்மை மாசு' என்று மாறிற்று. 2017-இல் வெளியிட்ட புதிய தர நிர்ணயத்தில் குறைந்தபட்ச கனத்தைச் சீனா 0.010 மில்லிமீட்டராக உயர்த்தியது.

மெல்லிய தாளை வாங்கிய விவசாயியைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் நிலையில் இருந்தால் நானும் விலை குறைந்ததையே வாங்கியிருப்பேன். கனத்தையும், அதில் சேரும் ரசாயனங்களையும் நிர்ணயிப்பது ஆலை. ஒரு நாடு மட்டும் கண்டிப்புக் காட்டினால், வெளிநாட்டிலிருந்து மலிவுச் சரக்கு வந்து இறங்கிவிடும். ஆகவே எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதி அவசியமாகிறது.

இதற்காக 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை, நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை உருவாக்கத் தீர்மானித்தது. 2024-இல் தென்கொரியாவின் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் பேசியும் உடன்பாடு ஏற்படவில்லை. உற்பத்திக்கே வரம்பு வேண்டும் என்பது பல நாடுகளின் வாதம். கழிவை அகற்றினால் போதும் என்பது எண்ணெய் வள நாடுகள் பலவற்றின் வாதம். மண்ணில் கலந்த துண்டைப் பொறுக்கிப் பார்த்தவர்கள் இரண்டாவது வாதத்தை ஒப்புவது கடினம்.

உடன்படிக்கை வரும்வரை நாம் காத்திருக்க முடியாது. காய்கறிகளுக்கு 25 மைக்ரானுக்குக் குறைந்த தாளை வாங்க வேண்டாம். கடைசிப் பறிப்பு முடிந்ததும், உழவுக்கு முன்பே முழுவதையும் சுருட்டி எடுத்துவிடவும். வரப்பில் போட்டு எரிக்கக் கூடாது. கரும்புத் தோகையோ வைக்கோலோ கிடைக்கும் இடங்களில் அதையே மூடாக்காகப் பரப்பலாம். அது மக்கி உரமாகிவிடும். அகற்றும் கூலியும் இல்லை.