திருச்சி–யாழ்ப்பாணம்: 22 நிமிடக் கணக்கு எங்கே இடிக்கிறது?

நம்பிக்கை: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 184 கிலோமீட்டர்தான். ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் 22 நிமிடம். டிக்கெட்டில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் என்று போடுவது சும்மா.

உண்மை: டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கும் நேரம் அல்ல. இங்கே சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, அங்கே போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரைக்குமான நேரம். விமானத் துறையில் அதை ‘பிளாக் டைம்’ என்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கிய பின் நிறுத்துமிடம் வருவது எல்லாம் அதில் அடக்கம். தாமதம் ஏற்பட்டாலும் சமாளிக்கக் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்துத்தான் அட்டவணை போடுவார்கள். பத்து நிமிடம் முன்னதாக இறங்கினால் விமானி விரட்டி ஓட்டினார் என்று மெச்சுகிறோமே, பெரும்பாலும் அது இந்தக் கூடுதல் மிச்சப்பட்டதுதான்.

அந்த 500 கிலோமீட்டர் வேகமும் மேலே போய் நிமிர்ந்த பிறகு வருவது. இவ்வளவு கிட்டத்துப் பயணத்தில் நிமிர்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் இறங்கத் தொடங்க வேண்டும். விசிறி வைத்த ஏடிஆருக்குப் பதில் ஜெட் விட்டாலும் இதே கதைதான். சில நிமிடங்கள் குறையும், பாதியாகாது.

நேர்கோடும் வரைபடத்தில்தான். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடி மாதத்தில் அங்கே மேல்காற்று எப்படி அடிக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். ஆகவே தென்கிழக்கே உள்ள யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டவர்கள் முதலில் மேற்கே பறந்து, பிறகு திரும்ப வேண்டும். பலாலியிலும் காற்று தென்மேற்கிலிருந்து வந்தால், வடகிழக்குப் பக்கம் சுற்றி வந்துதான் இறங்க முடியும்.

நம்பிக்கை: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், திரும்பி வரும்போது திருச்சியே நம்மை நோக்கி வந்துவிடும், பயணம் சுருங்கும்.

உண்மை: பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அன்றைய காற்று. மேல்காற்றுக் காலத்தில் திரும்பும் பயணம் எதிர்க்காற்றில் சற்று நீளவே செய்யும்.

நம்பிக்கை: பலாலிக்குக் கொழும்புதான் கிட்டம், திருச்சி வெளிநாடு.

உண்மை: வெளிநாடு என்பது சரி. ஆனால் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் பலாலியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். திருச்சியைவிட நூறு கிலோமீட்டருக்கு மேல் அதிகம். கடிகாரத்தையும் திருப்பி வைக்க வேண்டாம். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றுதான். பாஸ்போர்ட் சோதனை வரிசைக்கு முன்கூட்டியே போய் நிற்கும் நேரத்தை மட்டும் எந்த டிக்கெட்டிலும் போடுவதில்லை.