உவர் வயலுக்கு ஏற்ற நெல்லினம்

பருத்தித்துறைப் பகுதிக் கமக்காரர்களே!

தொண்டைமானாற்றுக் கடனீரேரியை அடுத்த நெற்காணிகளில், மழை பிந்தினால் நிலத்தின்மேல் உப்புப் பூப்பதையும் இளம்பயிரின் இலைநுனி கருகுவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். கடல்மட்டம் உயர்ந்து வருகின்ற இக்காலத்தில் இவ்விடர் மேலும் பெருகக்கூடும். ஆதலால் உவரைத் தாங்கும் நெல்லினங்களைப் பற்றி அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

பொக்காளியும் அதன் வழிவந்தனவும்

கேரளக் கரையோர உவர்வயல்களில் தொன்றுதொட்டுப் பயிராகும் நெல் பொக்காளி ஆகும். உப்பிலுள்ள சோடியம் இலைகளிற் பெருகாது காத்துக்கொள்வது அதன் இயல்பு. ஆயினும் அது நெடிது வளர்ந்து சாய்ந்துவிடும், விளைவும் குறைவு. அதனை, மிகுந்த விளைவு தரும் பி.ஜி. 94-1 என்னும் இனத்தோடு கலந்து, அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தார் ஏ.ரி. 354, ஏ.ரி. 401 ஆகிய இனங்களைப் பெற்றனர். முன்னையது மூன்றரை மாத நெல். பின்னையது நான்கு மாத நெல். அக்காலத்தில் ஒவ்வொரு தலைமுறையையும் வளர்த்துப் பார்த்தே நல்ல பயிரைத் தெரிய வேண்டியிருந்தது.

இலையைக் கொண்டு தெரிதல்

இன்று அவ்வழி சுருங்கியுள்ளது. நெல்லின் 12 சோடி நிறமூர்த்தங்களிலும் அடங்கிய பரம்பரைச் செய்தி 2005 ஆம் ஆண்டில் முழுமையாக வாசிக்கப்பட்டது. பொக்காளியின் உவர் தாங்கும் ஆற்றலிற் பெரும்பங்கு முதலாம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதியில் அமைந்துள்ளது. அதற்குச் 'சால்ட்டோல்' என்று பெயர். நாற்றின் சிறு இலைத்துண்டைச் சோதித்தே அப்பகுதி அதில் உண்டா என்று அறியலாம். இல்லாதவற்றைத் தொடக்கத்திலேயே கழித்துவிடலாம். இம்முறையாற் பெற்ற, வெள்ளத்தில் அமிழ்ந்தும் பிழைக்கும் சுவர்ணா சப்-1 நெல் 2009 ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியிடப்பட்டது.

கமக்காரர் செய்யவேண்டியவை

விதை ஒன்றே போதுமென்று இருந்துவிடலாகாது. சால்ட்டோல் பெரிதும் நாற்றுப் பருவத்திலேயே துணைசெய்கின்றது. பூக்கும் பருவத்தில் நெல் மீண்டும் உவருக்கு இளகிவிடும். ஆகவே:

1. விதைக்குமுன் காணியின் பல இடங்களில் மண் எடுத்துப் பரிசோதிப்பிக்குக.
2. வரம்புகளை உயர்த்தி முதல் மழைநீரைத் தேக்குக; உப்புக் கரைந்தபின் வடித்துவிடுக.
3. பூக்கும் பருவத்தில் வயலைக் காயவிடாதீர்கள்; உவர்க்கிணற்று நீரையும் பாய்ச்சாதீர்கள்.
4. புதிய இனத்தை முதற்போகத்தில் ஒரு வரம்புக்குள் மட்டும் விதைத்து, உங்கள் வழமையான நெல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விதைநெல் பற்றி அறிய, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காலபோகம் தொடங்குமுன் அணுகுக.