எந்த டயட் என்று கேட்கும் முன்

பதினைந்து வருடமாக என் பேன்ட் அளவு 34 இஞ்ச்தான். அதனால் எனக்குத் தொப்பையே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். மருத்துவர் டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விடச் சொல்லி அளந்தார். 98 சென்டிமீட்டர். பேன்ட் மாறவில்லை. நான்தான் அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடப் பழகியிருக்கிறேன்.

இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. அதோடு ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ், ரத்த அழுத்தம் 130/85-ஐத் தொட்டது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐ எட்டியது என்று மொத்தம் ஐந்து எண்கள். இவற்றில் மூன்று தவறினால் அதற்குப் பெயர் மெட்டபாலிக் சிண்ட்ரோம். மாத்திரையால் கட்டுக்குள் இருந்தாலும் தவறியதாகவே கணக்கு. 1988-ல் ஜெரால்டு ரீவன் இதை ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று விவரித்தபோது அவர் பட்டியலில் தொப்பையே இல்லை. இன்சுலின் சொல்வதை உடல் கேட்காமல் போவதுதான் மூலம் என்றார் அவர்.

டயட் என்றதும் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் ஐந்தில் எது அதிகம் கெட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

என் ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு 238, எச்.டி.எல். 34. நம் ஊரில் அதிகம் பார்க்கிற ஜோடி இது. கொழுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் முட்டையையும் நெய்யையும் நிறுத்தினேன். மாலை டீக்கு நாலு பிஸ்கட் மட்டும் தொடர்ந்தது. தப்பு அங்கேதான். வேண்டிய அளவுக்கு மேல் போகும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுகிறது. மது, பழச்சாறு இரண்டும் அதே வேலையைச் செய்யும். ஒருநாள் என் மதியச் சோற்றைத் தராசில் வைத்தேன். மூன்று கரண்டி, 450 கிராம். அதில் மாவுச்சத்து மட்டும் ஏறக்குறைய 125 கிராம். தட்டோரத்தில் பொரியல் இரண்டு ஸ்பூன். இத்தனை நாளும் நான் சாப்பிட்டதன் பெயர் ‘அளவுச் சாப்பாடு’!

இந்த ஜோடி கெட்டவர்களுக்கு மாவுச்சத்தைக் குறைக்கும் வழிதான் வேகமாக வேலை செய்யும். அதன் தீவிர வடிவம், நம்மூரில் முகநூல் குழுக்கள் வழியே பரவிய பேலியோ. காலையில் நூறு பாதாம், மதியம் முட்டை, இரவு இறைச்சி. ட்ரைகிளிசரைடு இறங்குகிறது, எடையும் இறங்குகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் சிலருக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். கிடுகிடுவென ஏறுகிறது. பாதாம் விலையும் ஏறுகிறது. சைவர்களுக்கு அதில் மிஞ்சுவது பனீர்தான். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால், அதைச் செய்கிறவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே மூன்று கரண்டிக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

பி.பி.தான் முதல் பிரச்சினை என்றால் ‘டேஷ்’ உணவுமுறை. 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், காய், பழம், பருப்பு, கொழுப்பு குறைந்த பால் என்று மாற்றியதிலேயே, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு எட்டே வாரத்தில் மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கியது. உப்பைக் குறைத்தால் இன்னும் இறங்கும் என்று 2001-ல் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு இருக்கிற வீட்டில் அது சுலபமில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கீரை, இளநீர், வாழைப்பழத்தை மருத்துவரைக் கேட்காமல் கூட்டக்கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும்.

மத்தியதரைக்கடல் உணவுமுறைக்கு இதய விஷயத்தில் வலுவான சான்று உண்டு. ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைந்தன. 2013-ல் வந்த கட்டுரையை, ஆட்களைப் பிரித்த முறையில் பிழை இருந்ததால் திரும்பப் பெற்று 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. இதற்காக ஆலிவ் எண்ணெய்க்கும் சால்மனுக்கும் காசைக் கொட்ட வேண்டாம். மத்தி மீனில் ஒமேகா-3 தாராளம். கடலை எண்ணெயிலும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு பாதிக்குப் பக்கம் இருக்கிறது, அளவாக ஊற்றினால்.

எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும் விரதம்? 2022-ல் சீனாவில் 139 பேரை ஓராண்டு பார்த்ததில், கலோரியைக் குறைத்தவர்களும் கலோரியோடு நேரத்தையும் குறைத்தவர்களும் ஒரே மாதிரிதான் இளைத்தார்கள். ராத்திரி பத்து மணி பரோட்டாவைத் தடுக்குமானால் வைத்துக்கொள்ளுங்கள். சிறுதானியம்? நார்ச்சத்து கூடுதல், ஆனால் மாவுச்சத்து அரிசியைவிட ரொம்பக் குறைவில்லை. கேழ்வரகை மாவாக்கிக் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும்.

என் தேர்வு நடுவழி. 18,000-க்கும் மேற்பட்டோரின் உணவுத் தகவலை வைத்து ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வுக் குழு 2022-ல் ஒரு விகிதம் கணக்கிட்டது. புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் அதிலிருந்து மீள, மாவுச்சத்து 49-54 சதவீதம், புரதம் 20 சதவீதத்தை ஒட்டி. இதற்குத் தனிச் சமையல் தேவையில்லை. சோறு ஒன்றரைக் கரண்டி, பொரியல் ஒரு கிண்ணம், கெட்டிப் பருப்பு அல்லது மீன், மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். குழம்பு எல்லோருக்கும் ஒன்றே. அதில் உப்பைக் குறைத்தால் டேஷும் பாதி வந்துவிடும். பேலியோதான் வேண்டும் என்பவர்கள் எல்.டி.எல்.லையும் சேர்த்துக் கண்காணிக்கும் மருத்துவரோடு செய்யுங்கள்.

எந்த வழியானாலும் ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீட்டோ, பேலியோ பக்கம் தாங்களாகப் போகவே கூடாது. சர்க்கரை எண் சரியாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. தட்டை மாற்றும் முன் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து, அதே லேபில், பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுங்கள். டேப்பைப் பேன்ட் நிற்கும் இடத்தில் வைக்காதீர்கள்.