மூன்று கடமைகள், ஒரே நாள்

ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஆண்டு எளிதன்று. மறுநாள் நடத்த வேண்டிய பாடத்திற்கு முந்தைய இரவே குறிப்பு எழுத வேண்டும். திருத்த வேண்டிய ஏடுகள் வீடு வரை உடன் வரும். பேசிக் களைத்த குரலோடு இல்லம் திரும்பினால், அங்கே குழந்தைகள் காத்திருப்பார்கள்; முதியோர் காத்திருப்பார்கள். எழுத்தார்வமும் உள்ளவராயின், பாதியில் நின்ற பக்கமும் காத்திருக்கும். இம்மூன்றில் எதைக் கைவிடுவது என்ற கேள்வி பலரை வாட்டுகிறது. மூன்றையும் நெடுங்காலம் சுமந்த ஒருவரின் வாழ்க்கையை ஆராய்வது இதற்குத் தெளிவு தரும்.

பணியும் பொறுமையும்

உருது, ஹிந்தி மொழிகளின் பெரும் எழுத்தாளரான பிரேம்சந்த், 1880-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று வாராணசிக்கு அருகிலுள்ள லமஹி என்னும் சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் தன்பத் ராய். மாணவப் பருவத்திலேயே அவருக்கு மணம் முடிந்துவிட்டது. 1897-இல் தந்தை மறைந்தார். சிற்றன்னையின் குடும்பத்தையும் காக்கும் பொறுப்பு அவர் தோள்மீது விழுந்தது. ஒரு வழக்கறிஞரின் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, மாதம் 5 ரூபாய் ஈட்டினார். கையில் காசில்லாத ஒரு நாளில், தம் கணித விளக்க நூலை விற்பதற்காகப் புத்தகக் கடைக்குச் சென்றார். அங்கே சந்தித்த ஒரு தலைமை ஆசிரியர், மாதம் 18 ரூபாய் ஊதியத்தில் அவருக்கு ஆசிரியப் பணி அளித்தார். 1899-இல் சுனார் நகரின் மிஷன் பள்ளியில் அவரது பணி தொடங்கியது. அடுத்த ஆண்டு பஹ்ராயிச் அரசுப் பள்ளியில் சேர்ந்தார்.

அவரது முதல் நாவல் தொடராக வெளிவரத் தொடங்கியது 1903-இல்தான். தடைப்பட்ட கல்வியும் அவ்வாறே மெல்ல நிறைவெய்தியது, பி.ஏ. பட்டம் பெற்றபோது ஆண்டு 1919. பணியில் சேர்ந்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன! தாமதம் வேறு, கைவிடுதல் வேறு. புதிய பணியின் தொடக்கத்தில் எழுத்துக்குச் சிறு பங்கே கிடைக்கலாம். அதற்காக வருந்தி, கற்பிக்கும் வேளையில் எழுத்தையும், எழுதும் வேளையில் வகுப்பையும் நினைப்பவர் இரண்டையும் இழக்கிறார்.

வகுப்பறை தரும் விதை

ஆசிரியப் பணி எழுத்துக்குப் பகையும் அன்று. பிரேம்சந்தின் 'பிரேரணா' என்ற சிறுகதையில் ஓர் ஆசிரியரே கதை சொல்கிறார். அவர் வகுப்பில் சூரியபிரகாஷ் என்றொரு குறும்புக்கார மாணவன். ஆசிரியரின் கண்டிப்பும் அறிவுரையும் அவனை மாற்றவில்லை. பின்னர், தன்னை நம்பி வந்த சிறுவன் ஒருவனைப் பேணும் பொறுப்பு வந்ததும் அவன் மாறுகிறான், வாழ்வில் உயர்கிறான். மாணவர்களிடையே வாழ்ந்த ஒருவருக்கு இத்தகைய கதை தோன்றுவது இயல்பே. கதை உணர்த்தும் உண்மை இன்னும் ஆழமானது. பிறரைப் பேணும் பொறுப்பு மனிதனின் ஆற்றலைக் குறைப்பதில்லை. அதைத் தட்டி எழுப்புகிறது. குடும்பத்தைத் தம் வளர்ச்சிக்குத் தடையாகக் கருதுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

உடலும் ஒரு பொறுப்பு

ஹமீர்பூர் மாவட்டத்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் பொறுப்பில் ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில், பிரேம்சந்தை வயிற்று நோய் பற்றியது. அது அவரை நெடுங்காலம் வருத்தியது. 1936 அக்டோபர் 8 அன்று, தம் 56-ஆம் வயதில் அவர் மறைந்தார். மூன்று கடமைகளையும் தாங்குவது ஒரே உடல். உறக்கத்தையும் உணவையும் குறைத்துப் பெறும் நேரம் சேமிப்பு அன்று, கடன். அதைத் திருப்பிச் செலுத்தும் சுமை குடும்பத்தின்மீதும் விழுகிறது.

இல்லத்தின் இசைவு

முதல் மணவாழ்வு நிலைக்காத நிலையில், 1906-இல் பிரேம்சந்த், இளம் வயதிலேயே கைம்மை எய்தியிருந்த சிவராணி தேவியை மணந்தார். 1908-இல் வெளிவந்த 'சோஸே வதன்' என்ற கதைத் தொகுதி தேசப்பற்றைத் தூண்டியதால் ஆங்கில அரசின் சினத்துக்கு ஆளானது. அரசு ஊழியரான அவர், எஞ்சிய பிரதிகளை ஒப்படைக்க நேர்ந்தது. அதன் பின்னரே 'பிரேம்சந்த்' என்ற புனைபெயர் பிறந்தது. பணியும் பேனாவும் ஒன்றோடொன்று மோதிய அந்த நாட்களின் அச்சத்தை, இல்லமும் சேர்ந்தே சுமந்தது.

1921 பிப்ரவரியில் கோரக்பூரில் காந்தியடிகளின் உரையைக் கேட்டபின், அரசுப் பணியைத் துறக்க அவர் விரும்பினார். உறுதியான வருவாயை இழப்பது சிறிய செயல் அன்று, குழந்தைகளும் இருந்தனர். அவர் தாமாக முடிவெடுத்து அறிவிக்கவில்லை, மனைவியைக் கலந்தார். சிவராணி தேவி இசைந்தார். அதன்பின்னரே பணியைத் துறந்தார்.

இந்த ஆய்வின் மையக் கருத்து இதுவே: எழுதுபவரின் நேரம் அவர் ஒருவர் உழைப்பால் மட்டும் உண்டாவதன்று, குடும்பத்தார் விட்டுக்கொடுப்பதால் கிடைப்பது. ஆதலால் அதைக் கேட்டுப் பெற வேண்டும். நன்றியோடு திருப்பித் தரவும் வேண்டும். சிவராணி தேவியும் சிறுகதைகள் எழுதினார். கணவரோடு வாழ்ந்த வாழ்க்கையை 'பிரேம்சந்த் கர் மே' என்ற நூலாக 1944-இல் வெளியிட்டார். மகன் அம்ருத் ராய், தந்தையின் வரலாற்றை 1962-இல் வெளியிட்டார். தந்தையின் பேனா மனைவியையும் மகனையும் எழுதத் தூண்டும் விளக்காயிற்று.

கடைப்பிடிக்க

1. திருத்தும் பணிக்கு ஓர் எல்லை வகுத்தல். இயன்றவரை அதைப் பள்ளியிலேயே முடித்தல்.
2. நாள்தோறும் எழுத்துக்கு ஒரு சிறு பொழுதை, இல்லத்தாரிடம் பேசி ஒதுக்குதல். தேர்வுக் காலத்தில் அதைக் குறைத்துக்கொள்ளத் தயங்காமை.
3. குடும்பத்தாரோடு உள்ள வேளையில் ஏடும் எழுத்தும் இடையே வராமல் காத்தல்.

சிந்திக்க

1. தாமதத்துக்கும் கைவிடுதலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஒருவர் தமக்கெனப் பெறும் அமைதியான நேரத்துக்காக, இல்லத்தில் எவர் கூடுதலாக உழைக்கிறார்?
3. அவருக்கும் அத்தகைய நேரம் கிடைக்க இன்றே செய்யத்தக்கது என்ன?