பகிர்ந்த ஃபோல்டர்களைப் புதிய மெயில் சர்வருக்கு மாற்றுவது எப்படி?

ஒருவருடைய இன்பாக்ஸைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோவது எளிது. அவருடைய லாகின் விவரம் இருந்தால் போதும். 'கணக்குப் பிரிவு', 'டெண்டர்', 'புகார்கள்' என்று பத்துப் பேர் சேர்ந்து பயன்படுத்தும் ஃபோல்டரை மாற்றுவதுதான் கடினம். யார் படிக்கலாம், யார் அழிக்கலாம், யார் எதுவரை படித்திருக்கிறார் என்ற விவரங்களும் அதில் மெயில்களோடு சேர்ந்தே இருக்கின்றன. அனுமதிகள் விடுபட்டால், மெயில்கள் முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகும் மறுநாள் காலை யாராலும் ஃபோல்டரைத் திறக்க முடியாது.

பழைய சைரஸ் சர்வரிலிருந்து புதிய டவ்காட் சர்வருக்கு, ஐமேப்சிங்க் என்ற கருவியைக் கொண்டு மாற்றும் முறையை இங்கே தருகிறேன். மற்ற ஐமேப் சர்வர்களுக்கும் வேலையின் வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. கணக்கெடுங்கள்

முதலில் பழைய சர்வரை முழுமையாக பேக்கப் எடுங்கள். பிறகு ஒரு அட்டவணை போடுங்கள்: ஃபோல்டரின் பெயர், மெயில்களின் எண்ணிக்கை, மொத்த அளவு, யார் யாருக்கு என்ன அனுமதி, வெளியிலிருந்து மெயில் அந்த ஃபோல்டருக்கே நேராக வந்து விழும் முகவரி உண்டா. வேலையைவிட்டுப் போனவர்களின் பெயர்கள் அனுமதிப் பட்டியலில் இன்னும் இருக்கும். அவற்றை நீக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

2. பெயர்களைப் பாருங்கள்

ஃபோல்டருக்கும் துணை ஃபோல்டருக்கும் நடுவே சில சர்வர்கள் புள்ளி இடும். சில சாய்கோடு இடும். இதைக் கவனிக்காவிட்டால் 'ஏப்.2023' என்ற ஒரே ஃபோல்டர், 'ஏப்' என்றும் அதற்குள் '2023' என்றும் இரண்டாகப் பிரிந்துவிடும். அத்தகைய பெயர்களை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். தமிழ்ப் பெயர்களை ஐமேப் தனக்கே உரிய ஒரு குறியாக்கத்தில் அனுப்புவதால், அட்டவணையில் அவை புரியாத எழுத்துக் கோவையாகத் தெரியலாம். பிழையென்று நினைத்து அவற்றைக் கையால் திருத்த வேண்டாம்.

3. புதிய வீட்டைத் தயார் செய்யுங்கள்

பயனர்களையும் குழுக்களையும் முதலில் உருவாக்குங்கள். ஆள் இல்லாமல் கொடுத்த அனுமதியால் பயனில்லை. பிறகு டவ்காட்டில் பொது ஃபோல்டர்களுக்குத் தனிப் பெயர்வெளி அமையுங்கள். சைரஸில் 'படித்தது' என்ற குறி வழக்கமாக ஆளுக்கு ஆள் தனியாக இருக்கும். டவ்காட்டிலும் அப்படி வேண்டுமென்றால், ஒவ்வொருவருக்கும் தனி இண்டெக்ஸ் இடத்தை அமைப்பிலேயே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் திறந்த மெயில் எல்லோருக்கும் 'படித்தது' ஆகிவிடும். பதில் எழுத வேண்டியவர் கண்ணில் படாமலே போகும். சேமிப்பு வரம்பையும், ஒரு மெயிலின் அதிகபட்ச அளவையும் பழைய சர்வருக்குக் குறையாமல் வையுங்கள்.

4. இடமாற்றத்துக்கென்று ஒரு கணக்கு

சைரஸில் அட்மினாக இருந்தாலே எல்லா மெயிலையும் படித்துவிட முடியாது; அனுமதியை மாற்றும் உரிமைதான் அவருக்குத் தானாக வரும். எனவே தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, பழைய சர்வரில் பார்க்கவும் படிக்கவும் மட்டும் அனுமதி கொடுங்கள். புதிய சர்வரில் இவற்றோடு ஃபோல்டர் உருவாக்கவும், மெயில் சேர்க்கவும், குறிகளை மாற்றவும் அனுமதி வேண்டும்.

5. ஒத்திகை

ஐமேப்சிங்க்கில் எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும் ஒத்திகை முறை உண்டு. அதை ஓட்டிப் பெயர்களைச் சரிபாருங்கள். அடுத்து ஒரு சிறிய ஃபோல்டரை மட்டும் நகலெடுத்து, அதைப் பயன்படுத்தும் ஒருவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

6. பெரிய நகல்

பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு நகலை எடுக்கலாம். ஐமேப்சிங்க்கை மறுபடி ஓட்டினால், ஏற்கெனவே போனவற்றை விட்டுவிட்டுப் புதியவற்றை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். ஆனால், ஒரே கணக்கில் நுழைந்து நகலெடுப்பதால் அந்தக் கணக்கின் 'படித்தது' குறிகள் மட்டுமே போகும், மற்றவர்களுடையவை போகாது. இதைப் பயனர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

7. அனுமதிகள்

இந்த வேலையைக் கருவியிடம் விடாதீர்கள். ஐமேப் அனுமதிகள் ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்து. 1997இல் வந்த முதல் வரையறையில் 'டி' என்ற ஒரே எழுத்து, மெயிலுக்கு அழிப்புக் குறி இடுவது, குறியிட்டதை நீக்குவது இரண்டையும் குறித்தது; ஃபோல்டரை நீக்கும் உரிமை எந்த எழுத்தில் அடங்கும் என்பது தெளிவாக இல்லை. 2005இல் வந்த திருத்தம் இவற்றைப் பிரித்தது: மெயிலுக்கு அழிப்புக் குறி இடுவது, குறியிட்டதை அடியோடு நீக்குவது, ஃபோல்டரையே நீக்குவது என்று தனித்தனி எழுத்துகள். பழைய பட்டியலை அப்படியே ஒட்டினால், மெயிலை மட்டும் அழிக்க வேண்டியவர் கையில் ஃபோல்டரை நீக்கும் உரிமையும் போய்ச் சேரலாம். உங்கள் அட்டவணையை வைத்து வரிவரியாக எழுதுங்கள். அனுமதியை மாற்றும் உரிமை ஃபோல்டருக்கு ஒருவர், அதிகம் போனால் இருவரிடம் இருக்கட்டும்.

8. மாற்றும் நாள்

சில நாட்களுக்கு முன்பே டிஎன்எஸ் பதிவின் காலாவதி நேரத்தை 300 வினாடியாகக் குறையுங்கள். அலுவலகம் முடிந்த பிறகு, பழைய ஃபோல்டர்களில் எழுதும் உரிமையை நிறுத்துங்கள். உள்வரும் மெயிலைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்டு, ஐமேப்சிங்க்கைக் கடைசியாக ஒருமுறை ஓட்டுங்கள். ஃபோல்டர்களுக்கு நேராக மெயில் வரும் முகவரிகளையும், பிரித்தனுப்பும் சீவ் விதிகளையும் புதிய பெயர்களுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

9. சரிபார்ப்பு

ஒவ்வொரு ஃபோல்டரிலும் மெயில் எண்ணிக்கையைப் பழைய சர்வரில் இப்போது உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பிறகு மூன்று சோதனைகள்: அனுமதி உள்ளவரால் திறக்க முடிகிறதா, அனுமதி இல்லாதவருக்கு ஃபோல்டர் தெரியாமல் இருக்கிறதா, வெளியிலிருந்து அனுப்பிய சோதனை மெயில் சரியான ஃபோல்டரில் விழுகிறதா. இரண்டாவதைப் பலர் செய்வதில்லை. சம்பள விவரம் அலுவலகம் முழுவதற்கும் தெரிந்துபோவது அந்த ஒரு சோதனையை விட்டதால்தான்.

பழைய சர்வரை உடனே அழித்துவிடாதீர்கள். குறைந்தது ஒரு மாதமாவது, படிக்க மட்டும் முடிகிற நிலையில் வைத்திருங்கள். மாதக் கணக்கு முடிக்கும் நாளன்றுதான், விடுபட்ட ஃபோல்டர் ஒன்று யாருக்காவது நினைவுக்கு வரும்.