குடியம் குகைக்குப் போகிறீர்களா? வெயில் காட்டில் நடப்பவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ரூம் எடுத்துத் தங்கி கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இப்போது மலை ஏறுவதிலும் காட்டில் நடப்பதிலும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஷிப்ட் முழுக்க லைனில் நின்றவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது திறந்த வானம் வேண்டும். அதற்கு ஊட்டி வரை போக வேண்டியதில்லை. சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரும் சாலை அப்படியே திருவள்ளூருக்குப் போகிறது. அங்கிருந்து பூண்டி ஏரியைத் தாண்டினால் குடியம் கிராமம். அதற்கு அப்பால் காட்டுக்குள் நடந்தால், கற்கால மனிதர்கள் ஒதுங்கி வாழ்ந்த குகைகள்.

ஆனால் இது ஏற்காடு, கொல்லிமலை மாதிரி நிழல் காடு இல்லை. முட்புதர்க் காடு. தலைக்கு மேல் கிளை மூடாது, வழியில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. போகும்போது காலை ஏழு மணி வெயில், திரும்பும்போது பத்து மணி வெயில். பாதை அதேதான், பாடு இரண்டு மடங்கு. அதனால் தண்ணீர், நேரம், கால் பலம் எல்லாவற்றையும் திரும்பி வருவதற்கே கணக்குப் போடுங்கள்.

1. முதலில் அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதில் சென்னையிலிருந்து போன பெண்கள் பலர். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. குடியம் அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியும் கூட வருவார். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அதைவிட முக்கியம், நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஊர் ஓரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு கூகுள் மேப்பை நம்பி நுழையவே நுழையாதீர்கள். முட்புதருக்குள் ஆட்டுத் தடமும் ஆள் தடமும் ஒரே மாதிரி இருக்கும்.

2. மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரைதான் சரியான காலம். 2025இல் காட்டுத் தீக் காலம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகளை மூடினார்கள். திறந்திருந்தாலும் கத்திரி வெயிலில் போக வேண்டாம். திருத்தணி, திருவள்ளூர் வட்டாரத்து மே மாதம் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

3. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே கிளம்புவதுதான் இந்தப் பக்கத்தில் நடக்கிற பெரிய தப்பு. ஆறு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்குவது, முகம் கழுவுவது, ஏழு மணிக்கு வண்டியை எடுப்பது. தூங்காத உடம்பு வெயிலைத் தாங்காது. தலை சுற்றுவது முதலில் தெரியாது, தெரியும்போது நடுக்காட்டில் இருப்பீர்கள். அதோடு திரும்பும் வழியில் லாரிகள் ஓடும் சாலையில் பைக் ஓட்ட வேண்டும். முதல் நாள் இரவு முழுக்கத் தூங்கியவர் மட்டும் வரட்டும். நைட் வாரத்தில் போகவே வேண்டாம், ஜெனரல் ஷிப்ட் வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

4. ஏசி ஹாலில் உட்கார்ந்து அசெம்ப்ளி செய்கிறவரும், ஃபோர்ஜிங், பவுண்டரியில் நிற்கிறவரும் ஒரே குழுவில் வந்தால், நடையின் வேகத்தை ஏசி ஹால்காரர்தான் தீர்மானிக்க வேண்டும். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். போவதற்கு முந்தைய பத்து நாட்கள் சாயங்காலம் நான்கரை மணி வெயிலில் அரை மணி நேரம் நடந்து பழகுங்கள்.

5. தண்ணீர்: வெயிலில் நடக்கும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ஆகும். நாலு மணி நேர நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் டெத் வேலி பாலைவனப் பூங்காவுக்கு வருகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் நான்கு லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள். மூன்று லிட்டர் என்றால் முதுகில் மூன்று கிலோ கனம், அதைச் சுமக்கத்தான் வேண்டும். ஒரே பெரிய கேனாக எடுக்காமல் ஒரு லிட்டர் பாட்டில்களாக எடுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும், எவ்வளவு தீர்ந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியும். மூன்று பாட்டிலில் ஒன்று காலியானதும் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். குகை இன்னும் வரவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும். பாதி தீர்ந்த பிறகு திரும்பலாம் என்று நினைப்பவர்கள், திரும்பும் வழியில் வெயில் ஏறியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

6. பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போகிற இடத்தில் கழிப்பறை இல்லையே என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவீர்கள். லைனில் பிரேக் கிடைக்காதே என்று வாயைக் கட்டிப் பழகிய பழக்கம் அது. காட்டில் இது ஆபத்து. கிளம்பும் முன் விடுதியிலும், திருவள்ளூரிலும் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். குழுவில் இன்னொரு பெண் கட்டாயம் இருக்கட்டும். ஒரு பெரிய துப்பட்டாவோ பழைய சேலையோ எடுத்துப் போனால் காட்டில் மறைப்புக்கு ஆகும். தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

7. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் வேர்வையில் போன உப்பு திரும்ப வராது. தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் நல்லதல்ல. பாக்கெட் கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு ஒரு சிட்டிகைகூட அதிகம் வேண்டாம். நீர்மோர் நல்லதுதான், ஆனால் பாட்டிலில் அடைத்த மோர் வெயிலில் பொங்கிவிடும். கிளம்பும்போதே குடித்துவிடுங்கள்.

8. தண்ணீர் சூடாகாமலிருக்க, பழைய பருத்தித் துணியை நனைத்து பாட்டிலைச் சுற்றிப் பையின் வெளிப் பக்கம் தொங்கவிடுங்கள். காற்றுப் பட்டால் உள்ளே குளிர்ந்துகொண்டே இருக்கும். துணி காய்ந்தால் ஒரு கை தண்ணீர் போதும்.

9. சாப்பாட்டுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம், ஊறுகாய். கெடாது, உப்பும் கிடைக்கும். இடையில் கடலை மிட்டாய். முட்டை பிரியாணி, தயிர்சாதம் பார்சல் வேண்டாம்.

10. கம்பெனியில் கொடுக்கும் சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். நடைக்கு அது கனம், முன்னால் இருக்கும் இரும்பு இறக்கத்தில் கால் நகத்தில் இடித்து நகம் கறுத்துவிடும். ரப்பர் செருப்பும் கூடாது, சீமைக்கருவேல முள் அதன் அடியைத் துளைத்து நேராகப் பாதத்தில் ஏறும். அடிப்பாகம் கெட்டியாக, பிடிப்பு உள்ள சாதாரண ஷூ போதும். குடியம் தரையைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். அந்த மலையே பழைய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த கூழாங்கற்கள் இறுகி உண்டானது. குகைக் கூரையை அண்ணாந்து பார்த்தால் சுவரில் பதித்த மாதிரி உருண்டைக் கற்கள் தெரியும். அவை உதிர்ந்து பாதை முழுக்கக் கிடக்கின்றன. மேலே பளபளப்பு, கீழே தளர்ந்த மண். பேரிங் குண்டுகளைக் கொட்டிய தரையில் நடப்பது போலத்தான். ஏறும்போது தெரியாது. இறங்கும்போது கல் உருண்டால் கணுக்கால் பிசகும். குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் வைத்து, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். ஒரு தடி கையில் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

11. சாக்ஸுக்குள் பேன்ட் நுனியைச் செருகிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒட்டுப்புல் விதை ஒவ்வொன்றாகச் சாக்ஸுக்குள் ஏறித் தோலைக் குத்திக்கொண்டே இருக்கும். முள்வாங்கி, ஊக்கு, சின்ன டெட்டால் பாட்டில் மூன்றும் ஒரு சின்னப் பையில் அடங்கிவிடும்.

12. முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தை மூட ஈரத் துண்டு. குடை எடுத்துப் போகத் தயங்க வேண்டாம். வேறு நிழலே இல்லாத இடத்தில் அதுதான் நிழல்.

13. குகையின் பாறை விளிம்பில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். புகை, கூச்சல், புளூடூத் ஸ்பீக்கர், டிரோன் எதுவும் வேண்டாம். கலைந்துவிட்டால் துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, நிற்காமல் வந்த வழியே விலகி ஓடுங்கள். கையை வீசி விரட்டினால் இன்னும் சூழும்.

14. பாம்பு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் நம் பக்கத்தில் உண்டு. உட்காரும் முன் தடியால் தரையைத் தட்டுங்கள். கல் இடுக்கில் கை வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு, கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108க்கு அடியுங்கள். நேராகத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மந்திரிப்பவரிடம் அல்ல. இந்த நாலு பாம்பு விஷத்துக்கும் மருந்து ஒன்றுதான். அதற்கு விஷம் எடுத்துத் தருவதில், 1978இல் தொடங்கிய நம் வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு. இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பக்கத்து ஊர்க்காரர்களின் உழைப்பு அந்த ஊசியில் இருக்கிறது.

15. கீழே கிடக்கும் கல் எதையும் எடுத்து வராதீர்கள், அது கற்கால மனிதரின் கருவியாக இருக்கலாம். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்துக்கும் வந்தார். குடியத்திலிருந்து அத்திரம்பாக்கம் எட்டும் தூரம்தான். அங்கே தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியானது. ஒரு கல் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த வயதைக் கண்டுபிடிக்க முடிந்தது. அலமாரியில் வைக்க எடுத்துவந்த கல்லுக்கு வயதே கிடையாது. பக்கத்தில் பார்க்க ஆசையென்றால் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது, கண்ணாடி வழியே நிதானமாகப் பாருங்கள். குகையை ஊர்க்காரர்கள் அம்மன் இடமாகக் கும்பிடுகிறார்கள் என்பதால் செருப்பு, பேச்சு இரண்டிலும் கவனம் வேண்டும்.

16. சிகரெட், பீடி, அடுப்பு, சூடம் எதுவும் காட்டுக்குள் வேண்டாம். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும்.

17. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில், கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நடக்க வேண்டாம் என்று பூங்காத் துறையே சொல்கிறது. நமக்கும் அதுவே விதி. பத்து மணிக்கெல்லாம் ஊருக்குத் திரும்பிவிடும்படி பொழுது விடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். ரூமில் இருப்பவரிடம், “பன்னிரண்டு மணிக்குள்ள என்கிட்டேருந்து போன் வரலைன்னா இந்த நம்பருக்குப் பேசு மச்சி” என்று வழிகாட்டி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். உள்ளே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் சார்ஜ் நிற்கும்.

18. கூட வருபவர் பேச்சைக் குறைத்தால் உடனே நில்லுங்கள். கெண்டைக்கால் இழுப்பதும் தலை சுற்றுவதும் முதல் அறிகுறி. நிழலில் உட்கார வைத்து உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ, தோல் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, துண்டால் விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். குடிக்க வைத்திருக்கும் தண்ணீராக இருந்தாலும் ஊற்றுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் ஊற்றாதீர்கள்.

19. தூத்துக்குடி, திருநெல்வேலியிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டில் நடக்க நினைத்தால், அங்கே கணக்கு வேறு. செம்மணலில் கால் புதையும். ஒரு மணி நேர நடைக்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். காற்றில் காலடித் தடம் அழிந்துவிடும், மேடுகள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். பனைமரத்தையோ கோயில் கோபுரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, அது கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை மட்டும் போங்கள்.

20. ஊருக்குத் திரும்பியதும் பைக்கை உடனே எடுக்காதீர்கள். அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். டயரைக் கையால் தடவி முள் இருக்கிறதா என்று பாருங்கள், கருவேல முள் மெதுவாகத்தான் காற்றை இறக்கும். மறுநாள் ஏ ஷிப்ட் என்றால் எட்டு மணிக்கே படுத்துவிடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் படுப்பதற்குள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிடுங்கள்.