வெறும் பீப்பா வெறுமையானதல்ல

இடம்பெயர்ந்து வரும் கமக்காரக் குடும்பம் ஒன்று முதலில் தேடுவது கூரை. அடுத்தது பாத்திரம். ஊரில் நெல் அவிக்கக் கிடாரம் இருந்தது. தண்ணீர் நிரப்பி வைக்க அண்டா இருந்தது. அவசரத்தில் புறப்பட்டபோது கையோடு வந்தவை ஒரு பானையும் இரண்டு சட்டிகளும்தான். ஆனால் பல குடும்பங்கள் ஒரே கிணற்றை நம்பி வாழும் இடத்தில்தான் பெரிய பாத்திரத்தின் தேவை அதிகம். குடிநீரைக் கொதிக்க வைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வயிற்றோட்டம் எத்தனை விரைவாக ஒரு குடிலிலிருந்து மறு குடிலுக்குப் போகும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இத்தேவைக்கு ஏற்ற சாமான் ஒன்று பழைய இரும்புக் கடைகளில் சில வேளை அகப்படுகிறது. ஹோட்டல்களுக்குப் பியர் கொண்டு செல்லும் உருக்குப் பீப்பாவே அது. கடைக்காரர் அதனைக் 'கெக்' என்பார். 30 லீற்றர், 50 லீற்றர் அளவுகளில் உண்டு. வீட்டில் நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனது. அதன் வாயை அகலமாக வெட்டி, அடிப்பக்கத்தில் ஒரு பைப் பொருத்தினால், நீர் கொதிக்க வைக்கவும் நெல் அவிக்கவும் பல வருடங்கள் உழைக்கும்.

இவ்வேலைக்கு வேண்டிய கருவிகள் எல்லோரிடமும் இராது. பலர் பட்டறைக்கே கொண்டு செல்ல நேரிடும். ஆயினும் என்ன செய்விக்க வேண்டும், எதைச் செய்ய விடக்கூடாது என்று தெரிந்துகொண்டு செல்வது அவசியம். அதற்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

1. உள்ளே என்ன இருந்தது? யாருடையது?

முதலில் மனதில் பதிக்க வேண்டியது இது: நிறைந்த பீப்பாவிலும் வெறும் பீப்பாவே ஆபத்தானது. டீசல், பெற்றோல், தின்னர் இருந்த பரலிலிருந்து எண்ணெய் முழுவதையும் ஊற்றிவிட்டாலும் அதன் ஆவி உள்ளே நிற்கும். அந்த ஆவி காற்றோடு கலந்து நிற்கையில் ஒரு தீப்பொறி போதும், பரல் வெடிக்கும். வெட்டுபவர் அதன் மேலேயே குனிந்து நிற்பார். கழுவிவிட்டோம், மணமில்லை என்று நம்பி வெட்டிக் கண்ணையும் உயிரையும் இழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. ஆகவே எரிபொருள் இருந்த பரலை வீட்டிலோ தெருவோரப் பட்டறையிலோ வெட்டவும் வேண்டாம், வெல்டிங் செய்யவும் வேண்டாம்.

கிருமிநாசினியும் களைநாசினியும் இருந்த பாத்திரங்களைப் பற்றித் தோட்டம் செய்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை முறை கழுவினாலும் அவை உணவுக்கோ நீருக்கோ உதவா.

பியர்ப் பீப்பாவில் எரியும் ஆவி இல்லை. ஆனால் அது வேறொரு வகையில் ஆபத்தானது. அதனை அடுத்துச் சொல்வோம். அதற்கு முன் இன்னொன்று. இப்பீப்பாக்கள் பெரும்பாலும் பியர் நிறுவனத்தின் சொத்து. ஹோட்டல்காரருக்கு இரவலாகவே கொடுக்கப்படுகின்றன. நிறுவனத்தின் பெயரும் மேலே பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே கழிக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்ததையே பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். களவுச் சாமானில் காய்ச்சிய நீர் கிருமியற்றதாக இருக்கலாம்; மனச்சாட்சிக்குச் சுத்தமானதல்ல.

2. அமுக்கத்தை வெளியேற்றுதல்

பியர்ப் பீப்பாவின் உள்ளே காபனீரொட்சைட்டு வாயு அமுக்கத்துடன் அடைக்கப்பட்டிருக்கும். பியர் முடிந்த பின்னரும், மாதக் கணக்கில் வெயிலில் கிடந்த பின்னரும் அந்த அமுக்கம் அப்படியே இருக்கலாம். பீப்பாவின் கழுத்தில் ஒரு வால்வும், அதிலிருந்து அடிவரை செல்லும் நீண்ட குழாயும் உண்டு. ஒரு வளையமே அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அமுக்கம் இருக்கையில் அவ்வளையத்தைக் கழற்றினால் குழாய் துவக்குச் சன்னம்போலப் பாயும்.

எனவே பீப்பாவை நிமிர்த்தி வையுங்கள். வால்வின் மேல் தடித்த ஈரத்துணியைப் போட்டு, முகத்தை அப்பால் வைத்துக்கொண்டு, தடித்த தடியொன்றால் வால்வின் நடுவை அமுக்குங்கள். சீறும் சத்தமும் நுரையும் வரும். சத்தம் முற்றாக நிற்கும்வரை அமுக்குங்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அதன் பின்னரே வளையத்தில் கை வைக்கலாம். பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.

குழாயைக் கழற்றியதும் உள்ளே நீர் விட்டுப் பலமுறை அலசுங்கள்.

3. வாயை வெட்டுதல்

மேல் முகத்தில் கழுத்தைச் சுற்றி வட்டம் கீறுங்கள். ஒரு கோப்பையும் அகப்பையும் இலகுவாகப் போய்வரும் அளவு வாய் வேண்டும். ஓரத்தில் இரண்டு விரல் அகலமாவது விட்டு வையுங்கள். அந்த ஓரமே பீப்பாவின் வாய்க்குப் பலம்.

கையில் பிடிக்கும் கிறைண்டரில், எவர்சில்வருக்கென்று விற்கும் மெல்லிய வெட்டுத் தட்டைப் போட்டு வெட்ட வேண்டும். சாதாரண இரும்பை வெட்டிய தட்டைப் பாவிக்க வேண்டாம். அதிலுள்ள இரும்புத் துகள் இந்த உருக்கிலே பதிந்து, அவ்விடத்திலேயே துரு தொடங்கும். கண்ணாடி அணியாமல் ஒரு விநாடியும் வெட்டக்கூடாது. தட்டின் காப்பு மூடியைக் கழற்றக்கூடாது. தனியே நின்று செய்யவும் வேண்டாம். வெட்டிய விளிம்பு கத்தியைப் போலிருக்கும். சோறு எடுக்கும் கை அதில்தான் படப்போகிறது. அரத்தால் உள்ளும் புறமும் மழுங்கத் தேயுங்கள்.

4. பைப்புக்குத் துளையிடுதல்

துளையின் இடத்தை அவசரமின்றித் தெரிவு செய்யுங்கள். அடிப்பக்கம் வளைந்து நேராகும் இடத்துக்கு இரண்டு விரல் மேலே இருப்பது நல்லது. வளைவில் துளைத்தால் வாசர் படியாது, நீர் கசியும். சற்று உயரத்தில் இருந்தால் மண்டி அடியில் தங்கி, தெளிந்த நீர் வரும். அடுப்பின் வாய்க்கு எதிர்ப்பக்கமாகத் துளை அமையட்டும்.

அரை அங்குலப் பைப்புக்கு 21 மில்லிமீற்றர் துளை வேண்டும். உருக்கு ஆணியால் நடுவில் ஒரு குழி குத்தி, முதலில் சிறிய அலகாலும் பின்னர் படிப்படியாகப் பெரிய அலகாலும் துளையுங்கள். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். துறப்பணத்தை வேகமாகச் சுற்றவிட்டு மெதுவாக அமுக்குகிறார்கள். எவர்சில்வர் உரசலில் சூடேறி இறுகும் உலோகம். இறுகியபின் அலகு மழுங்குமே தவிரத் துளை இறங்காது. ஆகவே மெதுவான சுற்று, பலமான அமுக்கம், இடைக்கிடை ஒரு துளி எண்ணெய். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். தூளும் புகையும் வந்தால் நிறுத்தி அலகைத் தீட்டுங்கள்.

5. ஒட்டுவதா, முடுக்குவதா?

பைப்பைப் பிடித்து நிற்கும் புரியுள்ள சொக்கற்றைத் துளையில் வெல்டிங் செய்து ஒட்டலாம். அல்லது வாசரும் நற்றும் போட்டு முடுக்கலாம்.

ஒட்டுவதானால் ஆர்கன் வாயு பாவித்துச் செய்யும் வெல்டிங்கே ஏற்றது. பீப்பாவின் சுவர் மெல்லியது. சாதாரண மின் வெல்டிங்கில் பழக்கமற்ற கை துளையை இன்னும் பெரிதாக எரித்துவிடும். சொக்கற்றும் எவர்சில்வராக இருக்க வேண்டும். உட்பக்கத்துக்கும் ஆர்கன் வாயு படும்படி செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே கருகிய சீனிபோல் ஒரு பொருக்கு உண்டாகும். அழுக்கும் துருவும் அங்கேதான் தங்கும். ஒட்டிய இடத்துக் கருமையை மெல்லிய அரத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

நாம் ஒருமுறை இதில் ஏமாந்தோம். பட்டறை ஒன்றில் சாதாரண இரும்புக் கம்பியால் ஒட்டித் தந்தார்கள். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. இரண்டு மாதத்தில் ஒட்டிலிருந்து செந்நிறக் கோடு வடியத் தொடங்கியது. பீப்பா துருப்பிடிக்கவில்லை, ஒட்டுத்தான் துருப்பிடித்தது. கம்பி என்ன கம்பி என்று நாம் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். ஈயம் கலந்த பற்றாசு பிடித்துக் குடிநீர்ப் பாத்திரத்தை ஒட்டக்கூடாது. ஈயம் நீரில் கலந்து சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நாகம் பூசிய இரும்புக் குழாயையும் வெல்டிங் செய்யக்கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே நடுக்கமும் காய்ச்சலும் வரும்.

ஆர்கன் வெல்டிங் கிட்டாத ஊரில் முடுக்குவதே நல்லது. மலிவானது, பிறகு கழற்றிக் கழுவலாம். புரியுள்ள நீண்ட குழாய்த் துண்டைத் துளையில் செலுத்தி, உள்ளேயும் வெளியேயும் சிலிக்கன் வாசர் வைத்து, இரு பக்கமும் நற்றால் இறுக்குங்கள். புரியில் வெள்ளை நாடாவைச் சுற்றுங்கள். கையால் இறுக்கியபின் சாவியால் அரைச் சுற்றுப் போதும். அதிகம் இறுக்கினால் வாசர் பிதுங்கும். சைக்கிள் ரியூப்பை வெட்டி வாசர் செய்ய வேண்டாம். கொதிநீரில் அது விரைவில் பழுதாகும், நீரும் மணக்கும். குழாய்த் துண்டு நீளமாயிருந்தால் பைப் நெருப்புக்கு அப்பால் நிற்கும்.

6. சோதித்தலும் பாவித்தலும்

நீர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். காலையில் பைப்பின் அடியில் மண் ஈரமாக இருந்தால் மீண்டும் கழற்றிப் பூட்டுங்கள். பின்னர் ஒருமுறை கொதிக்க வைத்து அந்த நீரை ஊற்றிவிடுங்கள்.

பாவிக்கும்போது மறக்கக்கூடாதவை:

நீர் எப்போதும் பைப்பின் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். வற்றினால் வாசர் கருகும்.

மூடியை இறுக்கிக் கட்டக்கூடாது. ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 1600 லீற்றர் நீராவியாகும். வெளியேற வழியில்லாவிட்டால் எந்த உருக்கும் தாங்காது.

நீர் பொங்கிக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். இது கிருமியைக் கொல்லும். உப்பையும், உரத்தினால் கிணற்றில் சேரும் நைத்திரேற்றையும் இது நீக்காது.

உவர் நீரை நாட்கணக்கில் உள்ளே விட வேண்டாம். எவர்சில்வரைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய படலம். உப்பு அதனை அரிக்கும்.

நெல் அவிக்கையில் அடியில் தடிகளும் அவற்றின் மேல் வைக்கோலும் பரப்பி, நெல் நீரில் படாமல் ஆவியில் வேகச் செய்யுங்கள். நெல் ஊறிய நீரைப் பைப்பினால் வடித்துவிடலாம்.

குழுவாகச் சிந்திக்க

உங்கள் பகுதியில் எத்தனை குடும்பங்கள் சேர்ந்து இப்படி ஒரு பாத்திரத்தை வாங்கலாம்? விறகும் கழுவும் முறையும் யார் பொறுப்பு?

உங்கள் வளவுகளில் என்ன இருந்தது என்று தெரியாத பரல்கள் உண்டா? அவற்றில் யார் நீர் வைக்கிறார்கள்?

அருகிலுள்ள பட்டறையில் கண்ணாடியின்றி வேலை செய்யும் இளைஞர் யார்? இப்பாடத்தை அவருக்கு வாசித்துக் காட்டினீர்களா?

வெறுமையாகத் தோன்றும் பீப்பாவுக்குள் நாம் காணாத ஒன்று நிற்கிறது. அது என்னவென்று அறிந்து வெளியேற்றிய பின்னர்தான் அதில் கை வைக்க வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்தாலும் இப்பாடம் பயன் தந்ததாகும்.